மின்சாரத்தை ஆளும் கணினி யாருடையது?

மின்துறையின் எல்லா நோய்களுக்கும் ஒரே மருந்தாக இன்று முன்வைக்கப்படுவது செயற்கை நுண்ணறிவு. விநியோக நிறுவனங்கள் நட்டத்தில் தவிக்கின்றனவா? செயற்கை நுண்ணறிவு. அணை நீரை எப்போது திறப்பது, எப்போது தேக்குவது என்ற குழப்பமா? செயற்கை நுண்ணறிவு. காற்றாலை மின்சாரமும் சூரிய மின்சாரமும் நிலையின்றி ஏறி இறங்குகின்றனவா? அதற்கும் அதுவே. முதலாளித்துவ ஏடுகளின் வணிகப் பக்கங்கள் நாள்தோறும் இதை ஓதுகின்றன. மருந்தைத் தயாரிப்பவர் யார், விலை கொடுப்பவர் யார் என்ற கேள்விகள் மட்டும் அந்தப் பக்கங்களில் எழுவதில்லை.

பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலும் இடுக்கியின் தோட்டப் பகுதிகளிலும் இயங்கும் தோழர்கள் இந்தக் கேள்விகளை எழுப்பியாக வேண்டும். கேரளத்தின் நீர்மின்சாரம் பெருமளவில் பிறப்பது இடுக்கியின் மலைகளில். பள்ளிவாசலில் 1940ஆம் ஆண்டு தொடங்கிய அந்த வரலாறு, 1976இல் மூலமற்றத்தின் பாறைக் குடைவுக்குள் இயங்கத் தொடங்கிய நிலையத்தோடு வளர்ந்து, பின்னர் 780 மெகாவாட்டாக உயர்ந்தது. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் கேரளத்திற்குள் நுழையும் பெரிய வாயில்களுள் ஒன்று பாலக்காட்டுக் கணவாய். புகலூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட் நேர்மின் தடம் 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் கோபுரங்கள் நம் வயல்களிலும் தென்னந்தோப்புகளிலும்தான் நிற்கின்றன. ஆகவே இது பெங்களூரிலும் மும்பையிலும் கூடும் நிபுணர்களுக்கு மட்டும் உரிய விவாதம் அன்று.

கட்சி ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் தமிழாக்குவது எனக்கு இடப்பட்ட பணி. அதனால் சொற்களிடம் கொஞ்சம் சந்தேகத்தோடு பழகும் வழக்கம் உண்டு. இந்தத் துறையின் அறிக்கைகளில் பக்கத்திற்குப் பத்து முறை வரும் சொல் ‘ஆப்டிமைசேஷன்’. ‘உகப்பாக்கம்’ என்று அதற்குக் கலைச்சொல் தருகிறார்கள். நல்ல சொல்தான். உகப்பு என்றால் பழந்தமிழில் மகிழ்ச்சி, விருப்பம். ஆனால் தமிழில் எழுதியவுடனேயே ஆங்கிலம் மறைத்து வைத்திருந்த வினா வெளியே வந்துவிடுகிறது: யாருக்கு உகப்பு? ஆள் எண்ணிக்கையைக் குறைப்பதும் உகப்பாக்கம்தான். மாலையில் விளக்கெரிப்பவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதும் உகப்பாக்கம்தான். எழுவாயை மறைக்கும் சொற்களை வைத்தே மூலதனம் தன் திட்டங்களை எழுதுகிறது.

எண்ணெய் தேடும் இயந்திரம்

பெருங்கணினி ஆற்றல் துறைக்குப் புதிதன்று. தொடக்கம் முதல் அதை மிகுதியாகப் பயன்படுத்தியவர்கள் எண்ணெய் நிறுவனங்கள். நிலத்திற்குள்ளும் கடலடியிலும் அதிர்வலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிகளைக் கோடிக்கணக்கில் பதிந்து, அவற்றைக் கணக்கிட்டு நிலத்தடியின் படத்தை வரைவார்கள். எண்ணெய் எங்கே, எரிவாயு எங்கே என்பது அந்தப் படத்திலிருந்து தெரியும். இத்தகைய கணக்கை முடிக்கச் சாதாரணக் கணினிக்கு ஆண்டுகள் ஆகும். நம் நாட்டில் பொதுத்துறையான ஓ.என்.ஜி.சி. இதற்காகவே 1987இல் டேராடூனில் ஒரு மையத்தை அமைத்தது. இத்தாலியின் எனி நிறுவனம் அமைத்த பெருங்கணினி, 2024 நவம்பரில் வெளியான உலகின் முதல் 500 பெருங்கணினிகள் பட்டியலில் 5ஆம் இடத்தைப் பிடித்தது. நாடுகளின் ஆய்வுக்கூடங்களோடு போட்டியிடும் கணிப்புத் திறன் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

புவியைக் காக்கச் செயற்கை நுண்ணறிவு என்று மேடையில் முழங்கும் மைக்ரோசாஃப்ட், 2019 பிப்ரவரியில் எக்ஸான்மொபில் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. டெக்சாஸ் பகுதியின் பெர்மியன் எண்ணெய் வயல்களில் உற்பத்தியை நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் அளவிற்கு உயர்த்த அது உதவக்கூடும் என்று எக்ஸானே அறிவித்தது. கரியமிலத்தைக் குறைக்கும் கருவி என்று நமக்கு விற்கப்படுவது, கரியமிலத்தைத் தோண்டி எடுக்கும் கருவியாக அங்கே வேலை செய்கிறது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. இலாபம் எங்கே என்று கேட்டார்கள், அது காட்டிக் கொடுத்தது.

பசிக்கும் இயந்திரம்

மின்துறையைக் காக்க வந்த இந்த மருத்துவருக்குப் பசி அதிகம். பன்னாட்டு எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகின் தரவு மையங்கள் 2024ஆம் ஆண்டில் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரத்தை விழுங்கின. 2030இல் அது சுமார் 94,500 கோடி யூனிட்டாகும் என்பது அதன் மதிப்பீடு. ஜப்பான் நாடு முழுவதும் இன்று ஓராண்டில் பயன்படுத்துவதை விடச் சற்றே அதிகம் இது. அயர்லாந்தில் 2015இல் மொத்த மின் நுகர்வில் 5 விழுக்காடாக இருந்த தரவு மையங்களின் பங்கு 2023இல் 21 விழுக்காடாயிற்று. அந்நாட்டு நகரங்களின் வீடுகள் அனைத்தும் சேர்ந்து பயன்படுத்தியது அதைவிடக் குறைவு.

அமெரிக்காவில் 1979 மார்ச்சில் விபத்துக்குள்ளான திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விபத்தில் சிக்காத மற்றோர் உலை 2019 வரை ஓடி, இலாபமில்லை என்று மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் தரவு மையங்களுக்காக 20 ஆண்டு ஒப்பந்தத்தில் அதை மீண்டும் இயக்கப் போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். மெம்ஃபிஸ் நகரில் ஈலான் மஸ்கின் நிறுவனம் தன் பெருங்கணினிக்காக எரிவாயு டர்பைன்களை வரிசையாக நிறுத்தியது. உரிய அனுமதி பெறாமலே அவற்றை இயக்கியது என்று கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. குற்றஞ்சாட்டியது. புகை சென்று படிவது கறுப்பின உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளில்.

நம் பக்கத்திற்கு வருவோம். விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் தரவு மையம் அமைப்பதாகக் கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது. கூட்டாளிகளில் அதானி குழுமமும் உண்டு. அதன் மின் தேவை ஜிகாவாட் அளவிலானது என்று அவர்களே பெருமையோடு சொல்கிறார்கள். ஒரு ஜிகாவாட் என்றால் 1,000 மெகாவாட். மூலமற்றத்தின் ஆறு இயந்திரங்களும் ஒருசேர முழு வேகத்தில் சுழன்றாலும் 780 மெகாவாட்தான். ஆயிரம் மெகாவாட் இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 2.4 கோடி யூனிட். 2024 மே மாதத்துக் கொடும் வெயிலில் கேரளம் முழுவதும் ஒரு நாளில் பயன்படுத்திய உச்ச அளவே 11.6 கோடி யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதாவது, மூன்றரைக் கோடி மக்கள் வாழும் ஒரு மாநிலத்தின் உச்ச நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கை ஒரே ஒரு வளாகம் கேட்கும்.

அந்த மே மாதத்தை நாம் எப்படிக் கழித்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாலக்காட்டில் வெப்ப அலை எச்சரிக்கை. மாநிலத்தின் உச்சத் தேவை 5,797 மெகாவாட்டைத் தொட்டது. சுமை தாங்காமல் பாலக்காட்டு வட்டத்தில் இரவு நேரங்களில் இடம் மாற்றி இடம் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தினார்கள். சித்தூரிலும் கொல்லங்கோட்டிலும் கைக்குழந்தையோடு வாசலில் வந்து உட்கார்ந்தவர்களை யாரும் ‘ஜிகாவாட் வாடிக்கையாளர்’ என்று அழைக்கவில்லை. நாளை இருவருக்கும் போதாத மின்சாரம்தான் உள்ளது என்ற நிலை வந்தால், எந்தக் கம்பி துண்டிக்கப்படும்? இருபது ஆண்டு ஒப்பந்தம் வைத்திருப்பவரின் கம்பியா, தாழ்வழுத்த வீட்டிணைப்பா?

தண்ணீரும் இதே கதைதான். சூடேறும் கணினிகளைக் குளிர்விக்கப் பெரும்பாலான தரவு மையங்களுக்கு நீர் வேண்டும். நிறுவனம் ஒன்று வந்து நிலத்தடி நீரை உறிஞ்சினால் என்ன ஆகும் என்று பெருமாட்டி ஊராட்சிக்காரர்களுக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய கோகோ கோலா ஆலை 2004 மார்ச்சில் மூடப்பட்டது. அதை மூடவைத்தது மயிலம்மா போன்ற எரவாளர் பழங்குடிப் பெண்களின் போராட்டம். 216.26 கோடி ரூபாய் இழப்பு என்று வல்லுநர் குழு கணக்கிட்டது. 2011இல் சட்டமன்றம் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பி வந்தது. குளிர்பான ஆலைக்குப் பதில் ‘எதிர்காலத் தொழில்நுட்பம்’ என்ற பலகை மாட்டினால் கிணற்று நீர் வற்றாது என்று எண்ணுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பெட்டிமுடிக்கு எட்டாத கணிப்பு

இவ்வளவும் சொன்ன பிறகு, இயந்திரமே வேண்டாம் என்பதுதான் நம் முடிவா? இல்லை. இங்கேதான் நம்முள் சிலரோடும் நான் முரண்படுகிறேன். மழையைக் கணிக்கும் பெருங்கணினி தோட்டத் தொழிலாளிக்கு உயிர்க்காவல். அந்தக் காவல் அவரிடம் ஏன் வந்து சேரவில்லை என்பதே கேள்வி.

2018ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் இயல்பாகப் பெய்ய வேண்டியது 1,649.5 மில்லிமீட்டர், பெய்தது 2,346.6. ஆகஸ்டின் முதல் 19 நாட்களில் மட்டும் இயல்பைவிட 164 விழுக்காடு அதிகம். 1992க்குப் பிறகு முதன்முறையாக ஆகஸ்ட் 9 அன்று செறுதோணி அணையின் மதகு திறக்கப்பட்டது. அணைகளால் வெள்ளம் பெரிதாகவில்லை என்று ஒன்றிய நீர்வள ஆணையம் அறிக்கை தந்தது. நீர்த்தேக்க நிர்வாகத்தில் பிழை இருந்தது என்று உயர்நீதிமன்றம் அமர்த்திய வழக்குரைஞர் அறிக்கை தந்தார். இந்த வழக்கில் நான் தீர்ப்பெழுதப் போவதில்லை. இரண்டு அறிக்கைகளுக்கும் அடியில் கிடக்கும் ஓர் உண்மை போதும்: அந்த ஆணையத்திற்கு அன்று கேரளத்தில் வெள்ள முன்கணிப்பு நிலையம் ஒன்றுகூட இருக்கவில்லை. அதே ஆண்டு சனவரியில்தான் புனேவிலும் நொய்டாவிலும் பிரத்யூஷ், மிஹிர் என்ற இரண்டு பெருங்கணினிகளை, மொத்தம் 6.8 பெட்டாஃப்ளாப் திறனோடு, ஒன்றிய அரசு விழா எடுத்துத் திறந்து வைத்தது. மூளை இருந்தது, பெரியாற்றங்கரையில் கண் இல்லை.

மின்வாரியத்தின் நிலையிலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். அணையில் நிற்கும் நீர் அதற்குப் பணம். திறந்துவிட்டு மழை பொய்த்தால் மார்ச் மாதத்தில் வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்க வேண்டும். அந்தச் சந்தை எப்படிப்பட்டது? 2022 மார்ச்சில் மின் பரிமாற்றகத்தில் ஒரு யூனிட் 20 ரூபாய் வரை போனது. ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு அந்த ஏப்ரலில் 12 ரூபாய் என்றும், அடுத்த ஆண்டு 10 ரூபாய் என்றும் வரம்பு கட்டியது. பற்றாக்குறை எப்போது வரும் என்று முன்கூட்டி அறிபவன் அந்தச் சந்தையில் அரசன். தனியார் வணிகர்களின் கணினிகள் செய்யும் வேலை அதுதான். அவை முன்கணிப்பது மழையை அன்று, நம் தவிப்பை. ஆகவே அணையின் மதகுக்கும் தேவிகுளத்துத் தொழிலாளியின் உயிருக்கும் இடையே ஒரு விலைப்பலகை வந்து நிற்கிறது. அதை அகற்றாமல் எத்தனை பெரிய கணினியை வாங்கி வைத்தாலும் ‘உகந்த’ நீர்மட்டம் என்பது விலைக்கு உகந்த நீர்மட்டமாகவே இருக்கும். வெள்ளத்திற்குப் பின் வந்த ‘ரூல் கர்வ்’ என்னும் காலவாரி நீர்மட்ட வரம்பு, உயிரை முதலில் வைத்துப் பணத்தைப் பின்னால் வைக்கும் ஒரு சிறு அடி. அதை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும்.

பிறகு, 2020 ஆகஸ்ட் 6. மூணாறை அடுத்த இராஜமலை, பெட்டிமுடி. இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்பு மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது உயிர்கள். பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றை வேராகக் கொண்ட குடும்பங்கள். தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள். இடுக்கிக்குக் கனமழை எச்சரிக்கை இருந்தது. புனேயில் கணினி இருந்தது. மலை விழுந்த செய்தி வெளியுலகிற்குத் தெரிய மறுநாள் காலையாயிற்று. மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் தொலைபேசித் தொடர்பும் இல்லை. பெரியவரைப் பாலமும் சேதமுற்றிருந்ததால் மீட்பு வண்டிகள் திணறின. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் பிறந்த மூணாறு மலைகளில், ஒரு செல்பேசிக் கோபுரத்தை ஓர் இரவு விழித்திருக்க வைக்கும் அளவுக்கு மின்சாரம் ஏற்பாடு செய்யப்படவில்லை. பெட்டாஃப்ளாப் கணக்குகளை எவர் நம்மிடம் அடுக்கினாலும், நாம் அவருக்கு முதலில் சொல்ல வேண்டிய ஊர்ப்பெயர் பெட்டிமுடி.

வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் 2024 சூலை 30 அதிகாலை மலை சரிந்தபோது நாடாளுமன்றத்தில் என்ன நடந்தது? சூலை 23 முதலே எச்சரித்தோம் என்றார் அமித் ஷா. சிவப்பு எச்சரிக்கை வந்ததே நிலம் சரிந்த பிறகு, காலை ஆறு மணிக்குத்தான் என்றார் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன். பிணங்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மாநிலத்தின் மீது பழி சுமத்த முன்கணிப்பு ஆயுதமாக்கப்பட்டது. இந்தக் கூச்சலில் பலர் கவனியாது விட்ட செய்தி ஒன்றுண்டு. கல்பெட்டாவில் உள்ள ஹியூம் சூழலியல் மையம், வயநாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மழை அளவைத் திரட்டும் வலையமைப்பை வைத்திருக்கிறது. தோட்டங்களிலும் விவசாயிகளின் நிலங்களிலும் அன்றாடம் அளந்து சொல்லப்படும் கணக்கு அது. சரிவுக்கு முந்தைய நாள் காலையிலேயே ஆபத்தை அந்த மையம் மாவட்ட நிர்வாகத்திற்குத் தெரிவித்திருந்தது. கைமானியும் ஏடும் செய்த வேலை! ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய புதிய முன்கணிப்பு முறை ஆறு கிலோமீட்டர்ச் சதுரமாக நாட்டைப் பிரித்துக் கணக்கிடுகிறது. பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு வந்தது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மலையின் இந்தப் பக்கம் கொட்டும் மழை அந்தப் பக்கம் தூறலாகும் பீர்மேட்டிலும் தேவிகுளத்திலும் அந்தச் சதுரத்திற்குள் எத்தனை லயங்கள், எத்தனை சரிவுகள்? தோட்ட அலுவலகங்களில் மழையளவை நாள்தோறும் எழுதி வைக்கும் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து உண்டு. தேயிலைக்காக எழுதப்படும் அந்தக் கணக்கைத் தொழிலாளிக்காகத் திறந்துவிடச் சொல்ல ஒரு சட்டம் போதும். பெருங்கணினி கூட வேண்டாம்.

பரம்பிக்குளத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பாலக்காட்டு மாவட்டத்தில் இருக்கும் அணை, பராமரிப்பு தமிழ்நாட்டினுடையது. 2022 செப்டம்பரில் ஒரு நள்ளிரவில் நடு மதகின் சங்கிலி அறுந்து மதகே பெயர்ந்தது. நொடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் சாலக்குடியாற்றை நோக்கிப் பாய்ந்தது. ‘முன்னறிந்து பராமரித்தல்’ என்பது மின்துறைச் செயற்கை நுண்ணறிவு வணிகர்கள் அதிகம் விற்கும் சரக்கு. துருப்பிடித்த சங்கிலியைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லும் நிரந்தரப் பணியாளரை எடுத்துவிட்டு, அவர் இருந்த இடத்தில் உணரியைப் பொருத்தி, உணரி அனுப்பும் செய்தியைப் பார்க்க ஒப்பந்த ஊழியர் ஒருவரை வைப்பதுதான் நடைமுறையில் அதன் பொருள். உணரியும் வரட்டும். பணியாளர் போகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் அது பராமரிப்பு.

வீட்டுச் சுவரில் ஒற்றன்

ஸ்மார்ட் மீட்டருக்கு வருவோம். 2021இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த விநியோகத் துறைச் சீரமைப்புத் திட்டம் 3,03,758 கோடி ரூபாய் மதிப்புடையது. 25 கோடி முன்பணக் கட்டண மீட்டர்களைப் பொருத்துவது அதன் முதுகெலும்பு. ‘டோடெக்ஸ்’ என்ற முறையில் தனியார் நிறுவனம் மீட்டரைப் பொருத்தும், தகவல் வலைப்பின்னலை அமைக்கும், சுமார் பத்தாண்டு இயக்கும்; தன் முதலையும் இலாபத்தையும் மீட்டருக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் எடுத்துக்கொள்ளும். மீட்டருக்கு அதிகபட்சம் 900 ரூபாய் மானியம் என்பது தூண்டில் புழு. அதானி நிறுவனத்தின் கையில் மட்டும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மீட்டர்களுக்கான ஒப்பந்தங்கள் சேர்ந்திருக்கின்றன.

இந்த மீட்டர் அரைமணி அல்லது கால்மணிக்கு ஒருமுறை நுகர்வைப் பதிகிறது. ஒரு வீட்டில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது அடுப்பு, எப்போது மோட்டார், யாரும் இல்லாத நேரம் எது என்பதெல்லாம் அந்த எண்களிலிருந்து வெளிப்படும். கோடிக்கணக்கான வீடுகளின் எண்களைத் திரட்டித் தின்னும்போதுதான் செயற்கை நுண்ணறிவு வளர்கிறது. நிலக்கரியையும் நீரையும் போல இதுவும் மூலப்பொருள். உற்பத்தி செய்பவர் நாம், விலை பெறுபவர் வேறொருவர்.

அறுவடை எங்கே என்று பாருங்கள். 2023 சூனில் ஒன்றிய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது (உரிமை என்ற சொல்லின் விதியை நினைத்துக்கொள்க). வேளாண்மை நீங்கலாக எல்லா நுகர்வோருக்கும் நேரத்திற்கேற்ற கட்டணம். உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 1.1 மடங்கு, வெயில் நேரத்தில் 20 விழுக்காடு குறைவு. நுகர்வைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று உபதேசம். கொழுந்துக் கூடையோடு விடியற்காலையில் மலையேறி மாலை இறங்கும் பெண் தொழிலாளி, பகல் பன்னிரண்டு மணிக்கு எந்த மாவை அரைப்பார்? அவருடைய விளக்கு, மிக்சி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் உச்ச நேரத்தில்தான். பகலில் குளிர்சாதனத்தை ஓட்டக்கூடியவருக்குச் சலுகை, பகலெல்லாம் வேலைக்குப் போனவருக்குத் தண்டம். வர்க்க வேறுபாட்டை இவ்வளவு துல்லியமாக அளக்கும் கருவி இதற்கு முன் இருந்ததில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. குஜராத்தின் வடோதராவில் 2024 மே மாதம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். தமிழ்நாட்டில் அதானி நிறுவனம் குறைந்த விலை கோரியிருந்த ஸ்மார்ட் மீட்டர் ஒப்பந்தப்புள்ளி, விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் இரத்தாயிற்று. கேரளத்தில் மின் ஊழியர் சங்கங்களின் தொடர்ந்த போராட்டத்தால் 2023இல் மாநில அரசு டோடெக்ஸ் முறையை ஏற்க மறுத்தது. வாரியமே முதலீடு செய்து, முதற்கட்டமாகச் சுமார் 3 லட்சம் மீட்டர்களைப் பொருத்தும் மாற்று வழியை முன்வைத்தது. ஒன்றிய அரசின் நிதி நெருக்கடிக்கு இடையே எடுத்த முடிவு அது. நம்முள் சிலர் அதை ஒரு தற்காலிகத் தந்திரம் என்று கருதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீட்டர் எந்த நிறுவனத்தின் சொத்து, அதன் தரவு எந்தக் கணினியில் கிடக்கும், அதைப் பார்க்கும் ஊழியர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பவைதாம் இந்தப் போராட்டத்தின் உயிர். 2022இல் மக்களவையில் கொண்டுவந்த மின்சாரத் திருத்த மசோதாவும், 2025 அக்டோபரில் சுற்றுக்கு விட்ட புதிய வரைவும் குறிவைப்பது இதையே. பொதுப்பணத்தில் கட்டிய கம்பியில் தனியார் வந்து இலாப வாடிக்கையாளரைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பொறுக்குவதற்கு முதலில் தரவு வேண்டும்.

‘கணினியை எதிர்த்தவர்கள்’

இதைப் பேசினால் உடனே வரும் ஏளனம் நமக்குத் தெரிந்ததே: கணினியை எதிர்த்த கட்சிக்காரர்கள் இதையும் எதிர்க்கிறார்கள்! 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கணினியைத் தடுத்துக் காவல் நின்றது உண்மை. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில், ஆட்குறைப்புக்காகக் கொண்டுவந்த இயந்திரத்தை அவர்கள் தடுத்தார்கள். அதே காலகட்டத்தின் மற்றொரு பக்கத்தை ஏளனக்காரர்கள் படிப்பதில்லை. நாட்டின் முதல் மாநில அரசு மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் 1973இல் தோன்றியபோது கேரளத்தின் முதலமைச்சர் கம்யூனிஸ்டான அச்சுத மேனன். வானிலை ஆய்வுக்கு இந்தியா கேட்ட திறனில் கிரே பெருங்கணினியைத் தர அமெரிக்கா மறுத்ததும், 1988இல் பொதுத்துறையில் சி-டாக் தொடங்கி, 1991இல் பரம் 8000 என்ற பெருங்கணினியை நம் பொறியாளர்கள் கட்டிக் காட்டினார்கள். எந்தச் சந்தையும் அதைச் செய்யவில்லை. இன்று தேசியப் பெருங்கணினித் திட்டத்தின் பயிற்சி மையங்களுள் ஒன்று நம் பாலக்காட்டு ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. கஞ்சிக்கோட்டிற்குப் பக்கத்தில்! அங்கே பயிலும் பிள்ளைகள் நாளை எக்ஸானுக்கு எண்ணெய் தேடப் போவார்களா, களமசேரியின் மாநிலச் சுமை பகிர்வு மையத்தில் உட்கார்ந்து நாளைய மின் தேவையைக் கணக்கிடுவார்களா என்பதைத் தீர்மானிப்பது அவர்களின் திறமை அன்று; எங்கே வேலை இருக்கிறது என்பது.

இயந்திரத்தையும், மூலதனம் அதைப் பயன்படுத்தும் முறையையும் பிரித்தறியத் தொழிலாளிகளுக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்குகிறார். அந்தப் பாடத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. 1920 டிசம்பரில், உள்நாட்டுப் போரின் சிதைவுகளுக்கு நடுவே, மின்மயமாக்கல் திட்டத்தைச் சோவியத்துகளின் மாநாட்டில் லெனின் முன்வைத்தார். சிலியில் அயெண்டேயின் அரசு 1971 முதல் பொதுத்துறை ஆலைகளை இணைத்து ‘சைபர்சின்’ என்ற கணினித் திட்டத்தைக் கட்டியது. 1972 அக்டோபரில் லாரி முதலாளிகளின் வேலைநிறுத்தம் நாட்டை முடக்க முயன்றபோது, அதன் டெலக்ஸ் வலையைக் கொண்டே சரக்குகளை நகர்த்தினார்கள். இராணுவக் கவிழ்ப்பு அதையும் சேர்த்தே அழித்தது. கணினி திட்டமிடுதலுக்கு உதவும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்தத் தளபதிகள்.

ஆகவே எல்லைப் பகுதிக் கிளைகள் உடனடியாக எடுத்துச் செல்ல வேண்டிய கோரிக்கைகள் உள்ளன. ஒவ்வொரு தோட்டப் பிரிவின் மழைமானிக் கணக்கும் ஊராட்சிக்கு நாள்தோறும் வர வேண்டும். மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு வட்டாரங்களின் செல்பேசிக் கோபுரங்களுக்கு மழைக்காலத்தில் தடையில்லா மாற்று மின்சாரத்தைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். பரம்பிக்குளம்–ஆழியாறு, முல்லைப்பெரியாறு அணைகளின் நீர்மட்டம், திறப்பு ஆகியவற்றை இரு மாநிலங்களும் மணிக்கொருமுறை பொதுவெளியில் வைக்க வேண்டும். இதைக் கேட்க எந்த மாநில உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தரவு மையம் எங்கு வந்தாலும் அதன் நீர், மின் ஒப்பந்தங்கள் கிராமசபையின் முன் வைக்கப்பட வேண்டும். மின் தரவு வாரியத்தின் உடைமையாகவே இருக்க வேண்டும்.

இன்னொன்று, என் தொழில் சார்ந்தது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் வட்டங்களில் தமிழில் அரசோடு பேசும் உரிமை மொழிச் சிறுபான்மையினருக்குச் சட்டப்படி உண்டு. நிலச்சரிவு எச்சரிக்கை, மதகு திறப்பு அறிவிப்பு, மின்கட்டணச் செய்தி ஆகிய மூன்றும் செல்பேசிக்குத் தமிழில் வர வேண்டும். இயந்திரம் நொடியில் மொழிபெயர்க்கும் என்று சொல்வார்கள். பெயர்க்கட்டும், ஆனால் ‘மாறிச் செல்லவும்’ என்பதா, ‘உடனே வெளியேறுங்கள்’ என்பதா என்று பார்த்துக் கையெழுத்திட ஒவ்வொரு வட்டத்திலும் தமிழறிந்த ஓர் அலுவலர் இரவுப் பணியில் இருக்க வேண்டும். வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் இந்தக் கோரிக்கையோடு நான்கு வட்டாட்சியர் அலுவலகங்களுக்கும் தோட்டத் தொழிலாளர் சங்கமும் மின் ஊழியர் சங்கமும் சேர்ந்தே செல்ல வேண்டும்.